நிலவுக்குக் கலம்! நெய்தலுக்குக் கைநாட்டா?

2023ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள் 14ஆம் நாள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிற்று சந்திரயான்-3. நெருப்பைக் கக்கி, நீலவானைக் கிழித்து, நிலவை நோக்கிப் பாய்ந்தது. ஆகஸ்டு 23ஆம் நாள், நிலவின் தென் துருவத்தருகே மெல்ல இறங்கிற்று. பாரெல்லாம் பாராட்டிற்று. நாமும் பாராட்டினோம். பகுத்தறிவாளன் பாராட்டாமல் வேறு யார் பாராட்டுவது! ராகு விழுங்கினான், கேது துப்பினான் என்று கதைத்தனரே, அந்தத் தண்மதியைக் கல்லும் மண்ணும் கொண்ட உருண்டை என்று காட்டியது விஞ்ஞானமன்றோ!

ஆனால் தோழர்களே, அந்தக் கலம் கிளம்பிய தீவின் காலடியில் ஓர் ஏரி கிடக்கிறது. பழவேற்காடு அதன் பெயர். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி நமது திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தில். கரை நெடுகக் குப்பங்கள்: கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம், கூனங்குப்பம், இன்னும் பல. விண்கலம் கிளம்பும் நாளில் இந்தக் குப்பத்து மக்களுக்கு ஓர் அறிவிப்பு வரும்: கடலுக்குச் செல்லாதீர்! அந்த அறிவிப்பைப் படித்துச் சொல்ல, பள்ளிக்கூடத்திலிருந்து பேரன் வரும்வரை காத்திருக்கும் பாட்டனை நாம் அறிவோம். நாற்பதாண்டு கடலைப் படித்தவர். நாலு வரித் தாளைப் படிக்க இயலாதவர். நிலவுக்கு வழி கண்ட நாடு, அந்தப் பாட்டன் வீட்டு வாயிலுக்கு ஏன் வழி காணவில்லை?

இதைத்தான் கேட்கிறோம். விண்வெளிக்குச் செலவிடாதே என்று கேட்கவில்லை. அது வீணர் பேச்சு. வயது வந்தவனுக்குக் கல்வி எங்கே, அவன் உழைப்புக்கு ஏற்ற திறன் எங்கே என்றே கேட்கிறோம்.

எழுத்தறிந்தவன் கையில் எழுத்தறியாதவன் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பழவேற்காடே சான்று. ஆலந்து நாட்டு வணிகர் வந்தனர், 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர், துணி வாங்கினர், வெடிமருந்து செய்தனர், அத்துடன் நின்றாரில்லை. மனிதரையும் வாங்கினர், கப்பலேற்றினர், கடல் கடந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாய் அனுப்பினர். எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. கணக்கை எழுதியவன் ஆண்டான். கணக்கில் எண்ணாகிப் போனவன் அடிமை! இன்றும் அவ்வூரில் ஆலந்தர் கல்லறைகள் உள. கல்லிலே எழுத்து, எழுத்திலே சித்திரம். செத்த சீமானுக்குக் கருங்கல்லில் பெயர். உயிரோடிருக்கும் உழைப்பாளிக்கு மைதோய்ந்த கட்டைவிரல்!

'என்ன, இன்னுமா கைநாட்டு? தமிழ்நாடு கல்வியில் முன்னேறிய நாடாயிற்றே!' என்பர் சிலர். ஆம், முன்னேறியதுதான். 1920இல், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு தந்தார் பிட்டி தியாகராயர். காமராசர் காலத்தில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு துணை நிற்க, அது நாடெங்கும் பரவிற்று. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு எண்பதின்மர் என்ற நிலை கண்டோம். பெருமைதான்! ஆனால் அதே கணக்கில் பெண்டிர் நூற்றுக்கு எழுபத்து மூவரே. எஞ்சியோர் எங்கே இருக்கின்றனர்? மாளிகையிலா, மன்றத்திலா? வரப்பிலும் வலையிலும் செங்கற் சூளையிலும் இருக்கின்றனர். பள்ளிக்கூடம் அவர்களைத் தேடி வந்த நாளில் அவர்கள் பருவம் கடந்துவிட்டது. பருவம் கடந்தால் பயிர் இல்லை, சரி. மனிதன் பயிரா?

அவர்களுக்கென்று திட்டங்கள் வராமலில்லை. 1978 அக்டோபர் 2இல் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம். பத்துக் கோடிப் பேருக்கு எழுத்து என்றனர். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம். 2009இல் சாக்ஷர் பாரத். 2022இல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். அதற்கு 'உல்லாஸ்' என்று செல்லப் பெயர். பெயர் மாறிக்கொண்டே வந்தது. பெயரெழுதத் தெரியாதவர் இருந்துகொண்டே வந்தனர்.

உல்லாசத்தின் கணக்கைச் சற்றே பாருங்கள். 2022 முதல் 2027 வரை ஐந்தாண்டுக்கு ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 1,038 கோடி ரூபாய். எழுத்தறிவிக்க எண்ணியது ஐந்து கோடிப் பேரை. வகுத்துப் பாருங்கள், தோழர்களே! தலைக்கு 208 ரூபாய். ஆண்டுக்கன்று, மொத்தமாக! கற்பிப்போருக்கு ஊதியம் உண்டா என்றால், தொண்டுள்ளத்தோடு செய்க என்கின்றனர். முந்தைய திட்டத்திலாவது ஊக்குநர் என்ற பெயரில் திங்கள் ஒன்றுக்கு 2,000 ரூபாய் தந்தனர். இப்போது அதுவும் இல்லை. பாலம் கட்டுபவனிடம் தொண்டுள்ளம் கேட்பாரில்லை. துறைமுகம் கட்டுபவனிடம் தியாகம் கேட்பாரில்லை. ஏழைக்கு எழுத்துச் சொல்லித் தருபவனிடம் மட்டும் எல்லாத் தியாகமும் எதிர்பார்க்கின்றனர்!

இவ்வளவு குறைந்த செலவில் என்ன கிடைக்கும்? கையெழுத்துக் கிடைக்கும். குப்பத்தில் நடப்பதைச் சொல்கிறோம்.

"ஏம்பா, கையெழுத்துப் போடத் தெரியுமா?"

"தெரியுங்க ஐயா. ராத்திரி வகுப்புல கத்துக்கிட்டேன்."

"அப்படியானால் இங்கே போடு."

"இதுல என்ன எழுதியிருக்குங்க ஐயா?"

"அதெல்லாம் உனக்கெதற்கு? போடு!"

போடுகிறார். கடன் பத்திரமோ, ஒப்பந்தமோ, ஒப்புதல் கடிதமோ, அவர் அறியார். கைநாட்டு வைத்த நாளிலாவது, 'எழுதப் படிக்கத் தெரியாதவன், ஏமாற்றிவிட்டனர்' என்று வழக்காட வழியிருந்தது. இன்று அதுவும் இல்லை, அழகாகக் கையெழுத்திட்டிருக்கிறாரே! படிக்கக் கற்றுத் தராமல் கையெழுத்து மட்டும் கற்றுத் தருவது கல்வியன்று. கழுத்திலே கிடக்கும் கயிற்றுக்குக் கட்டுண்டவனையே முடிச்சுப் போடச் சொல்லும் தந்திரம் அது.

எழுத்து போதாது, திறன் வேண்டும் என்று கிளம்புகிறது மற்றொரு கூட்டம். திறன் வேண்டும், யார் மறுத்தார்? ஆனால் நடப்பதென்ன? மூன்று நாள் பயிற்சி, முகப்பிலே பதாகை, முடிவிலே புகைப்படம். மெழுகுவர்த்தி செய்யக் கற்றவர் மெழுகுக்கு முதலின்றி நிற்கிறார். தையல் கற்றவர் தையற்பொறியின்றி நிற்கிறார். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்தன. பாரந்தூக்கி இயக்க ஆள் வேண்டும், பற்றவைக்க ஆள் வேண்டும், சரக்குக் கணக்கெழுத ஆள் வேண்டும். கரையை இழந்தவன் பிள்ளை வாயிலில் போய் நின்றால், 'சான்றிதழ் இருக்கிறதா?' என்ற கேள்வி வரவேற்கிறது. வேலை வரும் என்று வாக்களித்தவர், வேலைக்கு வேண்டிய படிப்பை முன்கூட்டியே தர மறந்தது தற்செயலா?

இன்னொன்றையும் மறவாதீர். 1953இல் ஆச்சாரியார் கொண்டுவந்தாரே ஒரு கல்வித் திட்டம்: பாதிநேரம் பள்ளி, பாதிநேரம் அப்பன் தொழில்! குலக்கல்வி என்று அதற்குப் பெயர் சூட்டி, நாடே கொதித்தெழுந்தது. 1954இல் காமராசர் அதைக் குப்பையிலே போட்டார். குப்பையில் போட்டது மீண்டும் கொலுவேறப் பார்க்கிறது. 2023 செப்டம்பர் 17இல் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். படகு கட்டுவோர் அதில் உண்டு. மீன்வலை பின்னுவோரும் உண்டு. நல்லதுதானே என்பீர். நிபந்தனையைப் பாருங்கள்: குடும்ப வழிவந்த தொழிலாய் இருத்தல் வேண்டுமாம், 18 வயதானால் போதுமாம்! பதினெட்டு வயதில் கல்லூரி வாயிலில் நிற்க வேண்டிய செம்படவர் வீட்டுப் பிள்ளையை, 'வா தம்பி, உன் அப்பன் வலை இங்கே இருக்கிறது' என்று அழைப்பது அருளா, அம்பா? 2024 நவம்பரில், இவ்வடிவில் இதை ஏற்க இயலாது என்று தமிழ்நாடு அரசு எழுதிற்று. குலத்தைக் கேளாத, 35 வயது கடந்தோர்க்கான வேறொரு கைவினைத் திட்டத்தையும் வகுத்தது. சரியான முடிவு. வலை பின்னுவது இழிவென்று நாம் சொல்லவில்லை. பின்னத் தெரிந்த விரல் எழுதத் தெரிந்த விரலுக்குத் தாழ்ந்ததன்று. இன்னார் மகன் இதைத்தான் பின்ன வேண்டும் என்ற விதியைத்தான் அறுத்தெறிய வேண்டும் என்கிறோம்.

அப்படியானால் வயது வந்தோர் கல்வி எப்படி இருக்க வேண்டும்? வானத்திலிருந்து விடை இறங்கி வராது. உலகில் நடந்ததைப் பார்ப்போம்.

கனடா நாட்டின் கீழ்க்கரையில் நோவா ஸ்கோஷியா என்றொரு மாநிலம். அங்கும் மீனவர், அங்கும் கடன், அங்கும் வணிகன் சொன்னதே விலை. 1928இல் ஆண்டிகோனிஷ் என்ற ஊரிலிருந்த பல்கலைக்கழகம் ஒன்று, மக்களிடம் சென்று கற்பிக்க ஒரு துறையைத் திறந்தது. தலைமை ஏற்றவர் மோசஸ் கோடி. பாதிரியார்தான். ஆயினும் மீனவரிடம் அவர் சென்று, 'மறுவுலகில் உண்டு மன்னா' என்று சொல்லவில்லை. 'நீ பிடித்த இறால் எங்கே போகிறது? அங்கே என்ன விலை? உனக்கு என்ன தருகிறார்கள்? நடுவிலே நிற்பது யார்?' என்று கேட்டார். சமையற்கட்டிலே பத்துப் பேர் கூடினர், படித்தனர், கணக்குப் போட்டனர். பத்தாண்டில் அத்தகைய படிப்பு வட்டங்கள் ஆயிரத்துக்கு மேல் பெருகின. படித்ததன் பயனாய் எழுந்தவை கூட்டுறவுக் கடன் சங்கங்கள், கூட்டுறவுக் கடைகள், மீனவர் தாமே நடத்திய பதனிடும் சாலைகள். 1930இல் மீனவர்க்கென ஒரு பெருங் கூட்டமைப்பே எழுந்தது. எழுத்துக்குப் பின் கணக்கு, கணக்குக்குப் பின் கூட்டுறவு, கூட்டுறவுக்குப் பின் நிமிர்ந்த முதுகு. இது கல்வி!

கோடி எத்தனை ஆண்டு அப்பணியில் இருந்தார் தெரியுமா? 1928 முதல் 1952 வரை, இருபத்து நான்கு ஆண்டு! இங்கே முதியோர் கல்விப் பணி என்றால் என்ன பொருள்? ஆகாத அதிகாரியை அனுப்பும் இடம். பதவி உயர்வுக்குக் காத்திருப்போர் தங்கும் சத்திரம். இன்று வருவார், நாளை மாறுவார். குப்பத்துக்குப் போகும் வழி தெரிவதற்குள் ஊர்மாற்ற ஆணை வந்துவிடும்.

வெளிநாட்டுக் கதை வேண்டா என்பார்க்கு உள்நாட்டுக் கதையும் உண்டு. புதுக்கோட்டை! 1991இல் அறிவொளி இயக்கம் அங்கே மூண்டது. மாவட்ட ஆட்சியராயிருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார். எழுத்தோடு சைக்கிளும் கற்றனர் பெண்கள். ஆயிரமாயிரம் பெண்டிர் சைக்கிளேறினர். கேலி செய்தனர் ஆடவர், கேட்டாரில்லை பெண்கள். கல்லுடைக்கும் பெண்கள் குழுவாய்க் கூடிக் குவாரிக் குத்தகையும் பெற்றனர். 'அ' என்ற எழுத்தைக் கற்றவள், அடுத்த ஊருக்குத் தனியே போகக் கற்றாள். அச்சம் எங்கே போயிற்று? சக்கரத்தின் கீழே போயிற்று! பின்னர் அந்த வேகம் ஏன் குறைந்தது? மக்கள் சலித்தாரில்லை. இயக்கமாய் எழுந்ததை நிலைத்த துறையாய் ஊன்றாது விட்டனர். தீ மூட்டியவர் இருந்தனர், அடுப்புக் கட்டுவாரில்லை.

இதற்கு வாழ்நாள் பணியாய் உழைக்கும் ஆள் நம்மிடம் இல்லையா? வேலூரில் 1910இல் பிறந்த மால்கம் ஆதிசேசையா, யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராய் உயர்ந்தவர். உலகம் சுற்றியவர் சென்னைக்குத் திரும்பி, 1971இல் வளர்ச்சி ஆய்வு நிறுவனம் கண்டார். முதியோர் கல்விக்காக ஓயாது வாதாடினார். அவரே அதைச் சிறிய பணி என்று கருதவில்லை. நாம் ஏன் கருதுகிறோம்? பொறியாளர் என்கிறோம், மருத்துவர் என்கிறோம், ஆட்சியர் என்கிறோம். 'முதியோர் கல்வி நடத்துவதே என் வாழ்க்கைத் தொழில்' என்று சொல்ல ஓர் இளைஞனுக்கு இந்நாட்டில் பாதை உண்டா? ஊதியமும் உயர்வும் உரிமையும் கொண்ட பணியாக அது ஆகாதவரை, எத்தனை இயக்கம் வந்தாலும் எழுதிய சுவடு அலை அழித்த கோலமே!

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. பழவேற்காட்டுக் குப்பங்கள் அனைத்துக்கும் முழுநேரக் கல்வித் தலைவர் ஒருவர் வேண்டும். பத்தாண்டுக்குக் குறையாமல் அவர் அங்கேயே இருத்தல் வேண்டும். அவருக்குக் கீழே ஊதியம் பெறும் ஆசிரியர்கள், அவர்களுள் பாதிப்பேர் அக்கரையிலேயே பிறந்தவர். வகுப்பு நேரத்தைச் சென்னை அலுவலகக் கடிகாரம் முடிவு செய்தல் கூடாது; தண்ணீர் முடிவு செய்யட்டும். எந்த இடத்தில் யார் எந்நாளில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துக் கொள்ளும் பாடு முறை அங்கே வழிவழியாய் உள்ளது. தன் பாடு வராத நாளை மீனவர் நன்கறிவார். அந்த நாளில் அவருக்காகப் பள்ளி திறந்திருக்கட்டும்.

பாடநூல்? ஏரியே பாடநூல்! ஆரணியாறும் காளாங்கியும் நன்னீர் கொணர, முகத்துவாரம் வழியே கடல் உவர்நீர் அனுப்ப, இரண்டும் கலந்த மடியில் வளர்கிறது இறால்குஞ்சு. கடலில் பிறந்து, ஏரியில் வளர்ந்து, கடலுக்கே திரும்புகிறது. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் குஞ்சு வராது, இறால் இராது, அடுப்பெரியாது. அடைபட்டதும் என்ன செய்கின்றனர்? அம்மனுக்குக் கோபம் என்று கூழ் ஊற்றுகின்றனர், பொங்கல் வைக்கின்றனர். கோபப்பட்டது அம்மனன்று, தோழர்களே! நமது கீழ்க்கரையில் ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் மணல் பெரிதும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவிலே கருங்கல் தடுப்பைக் கடலுக்குள் நீட்டினால், தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். பழவேற்காடு துறைமுகங்களுக்கு வடக்கே இருக்கிறது. இதை அறிந்த மீனவன் பூசாரியிடம் போகமாட்டான், பொறியாளரிடம் போவான், கேள்வி கேட்பான். அறிவியல் மனப்பான்மை வளர்த்தல் குடிமகன் கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்திலேயே எழுதினர். எழுதினால் போதுமா? எழுத்தறியாதவனுக்கு அதைப் படித்துச் சொல்வது யார்?

இரண்டாம் பாடம், கடன் பத்திரமும் தராசும். உயிரோடு சிங்கப்பூருக்குப் பறக்கும் நண்டுக்கு அங்கே என்ன விலை, இங்கே என்ன விலை என்ற கணக்கு. மூன்றாம் பாடம், சட்டம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றி 2020இல் ஒன்றிய அரசு ஒரு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. எம்மொழியில்? இந்தியிலும் ஆங்கிலத்திலும்! அட்டவணை மொழிகள் இருபத்திரண்டிலும் தருக என்று தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. கரை யாருடையதோ அவன் மொழியில் தாள் இல்லை. தாள் வந்தாலும் படிக்க அவனுக்கு எழுத்து இல்லை. இரட்டைப் பூட்டு! நான்காம் பாடம், உயிர்காப்பு. 2011 டிசம்பர் 25இல் இதே நீரில் படகு கவிழ்ந்து 22 உல்லாசப் பயணிகள் மாண்டனர். அளவுக்கு மீறி ஏற்றாதே, மிதவைச் சட்டையின்றி ஏற்றாதே என்பதைக் கற்பித்துச் சான்றளித்து உரிமம் தருவது எத்தனை பெரிய செலவு? ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரியில், 2012 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பட்டம் பெறுவோர்க்கு அதன் கதவு திறக்கிறது, நன்று. மாலையில், நாற்பது வயதுக்காரருக்கும் திறக்கட்டும். எந்திரப் பழுது, பனிக்கட்டிப் பதனம், நண்டுக் கொழுப்பு ஆகியவற்றைக் கற்று, எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஈடான சான்றிதழோடு அவர் வெளியே வரட்டும்.

இவ்வளவும் அரசைப் பார்த்துச் சொன்னோம். குப்பத்தைப் பார்த்தும் சொல்ல வேண்டியது உண்டு. முகத்துக்கு அஞ்சி மூடி மறைத்தல் நம் வழக்கமன்று. பாடு முறை பங்கிட்டு வாழும் நல்ல முறைதான். ஆனால் பங்கு யாருக்கு? தலைக்கட்டு என்று எண்ணப்படும் மணமான ஆடவர்க்கு. அதுவும் குறிப்பிட்ட சாதியார்க்கு. தாழ்த்தப்பட்டோர் வெளியே. இருளர் வெளியே. பனையோலைப் பறியைப் பல்லிலே கவ்வி, மார்பளவு நீரில் தவழ்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறாளே இருளப் பெண், அவளுக்குப் பாடும் இல்லை, பஞ்சாயத்தில் சொல்லும் இல்லை. அவளைச் சார்ந்தோரே முன்பணம் வாங்கிச் செங்கற் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் போய்ச் சிக்குகின்றனர். கொத்தடிமைக் கடன் செல்லாது என்று 1976இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்த ஒரு வரியை அவளே படித்திருந்தால்! ஆகவே இரவுப் பள்ளியில் பலகை ஒன்றே இருக்க வேண்டும். பட்டினவர், தாழ்த்தப்பட்டோர், இருளர், இசுலாமியர், ஆண், பெண் எல்லோரும் அதிலேதான் அமர வேண்டும். உடன் அமர மறுப்பவர் நின்றுகொண்டே படிக்கட்டும்!

'கிழவர்கள் படிக்கமாட்டார்கள், மண்டையில் ஏறாது' என்பார்க்கு ஒரு சொல். வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது என்று கன்னத்தில் பட்ட காற்றால் அறிபவர் அவர். விண்மீனைப் பார்த்து நள்ளிரவில் கரை சேர்பவர். ஆயிரம் கண்ணி வலையில் அறுந்த ஒரு கண்ணியை விரலால் தேடிக் கண்டுபிடிப்பவர். அந்த மூளையிலா 247 எழுத்து ஏறாது? ஏறாதது எழுத்தன்று, ஏற்ற வருவாரில்லை, அவ்வளவே.

தோழர்களே! மன்றம் வைத்திருக்கிறோம், படிப்பகம் வைத்திருக்கிறோம், மாலைதோறும் உலக அரசியல் பேசுகிறோம். பேசுவோம், பேச்சு நம் படைக்கலம். ஆனால் மன்றத்தின் மேசை விளக்கு வாரத்தில் இரண்டு நாள் ஏரிக்கரையில் எரியட்டும். ஊதியமில்லாத் தொண்டையே நம்பி அரசு திட்டம் தீட்டுவதைக் கண்டிப்போம். அதே வேளை, அரசு விழிக்கும்வரை நாம் உறங்கவும் மாட்டோம். படிப்பிக்கப் போகிறவர் கையில் அரிச்சுவடியோடு ஒரு தராசும், ஒரு கடன் பத்திரமும் இருக்கட்டும். சட்டமன்ற உறுப்பினரிடம் மனு, மாவட்ட ஆட்சியரிடம் மனு, கிராமசபையில் தீர்மானம், இவை மூன்றும் இவ்வாண்டே நடக்கட்டும். மனுவின் அடியிலே கையொப்பமிடுவோர், அதை ஒருமுறை தாமே உரக்கப் படித்துவிட்டு இடட்டும்.

அன்று கேட்பர், 'இதில் என்ன எழுதியிருக்கிறது?' என்று, அதிகாரிகள்! குப்பம் எழுந்து நின்று படித்துக் காட்டும்.